கத்திரி வெயிலில் ஓடிய ஹீட்டர்

அந்த மோட்டார் ஒரு கைலிக்குள் சுற்றி வந்தது.

அரபு நாட்டிலிருந்து வந்த அண்ணனின் சிநேகிதர் ஹாஜா பாய், பெரம்பலூரில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் சூட்கேஸை வைத்துத் திறந்தார். மேலே சென்ட் பாட்டில்கள், ஒரு பால்பவுடர் டப்பா, பேரீச்சம்பழப் பொட்டலம். அடியில் பச்சைக் கட்டம் போட்ட கைலி. அதன் மூன்றாவது மடிப்பைப் பிரித்தபோது கறுப்பாக, ஒரு டம்ளர் உயரத்தில், அது இருந்தது. ஒரு முனையில் பளபளவென்று தண்டு. மறுமுனையில் இரண்டு ஒயர்கள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

அறை முழுக்க அத்தர் மணந்தது.

"ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரரு பிரிச்சுப் பாத்து இது என்னன்னு கேட்டாரு, தம்பி. ஹீட்டர் மோட்டாருன்னேன். எந்த ஊருக்குன்னாரு. பெரம்பலூருன்னேன். என் மூஞ்சியவே பாத்தாரு. மே மாசத்துல பெரம்பலூருக்கு ஹீட்டரா, போங்க பாய் போங்கன்னு சாக்பீஸால ஒரு கோடு போட்டு அனுப்பிட்டாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டாரை இரண்டு கையாலும் வாங்கி, காதருகே வைத்துத் தண்டைச் சுற்றிப் பார்த்தார்.

"புதுசாட்டம் இருக்கே பாய்."

"புதுசேதான். நான் வேலை பாக்குற ஊர்ல காயலான்கடை ஒரு மைல் நீளம். அதுல நொறுங்கிப் போன ஒரு காருலேர்ந்து கழட்டுனேன். அங்க அடிக்கிற வெயிலுக்கு ஹீட்டர் சுவிச்ச எவன் தொடுவான்? சும்மாவே கெடந்திருக்கு. அல்ஹம்துலில்லாஹ், நம்ம ஊருக்குன்னு கெடந்திருக்கு."

அவருக்கு ஊர் லெப்பைக்குடிக்காடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் மனிதர், தம் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "கைலிய அப்புறம் வாங்கிக்கறேன்" என்று எழுந்தார். அந்தக் கைலி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஹீட்டர் எதற்கு?

பெரம்பலூரில் எதற்கு ஹீட்டர் என்று ஏர்போர்ட்காரருக்கு வந்த சந்தேகம் இதைப் படிப்பவர்களுக்கும் வரும். அதைத் தீர்த்துவிட்டு மேலே போகிறேன்.

அண்ணன் வைத்திருந்தது இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய கார். முதலில் மலை மேல் ஒரு தோட்டத்துரையிடம் இருந்தது. குளிருக்காக அதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். எஞ்சினிலிருந்து வரும் கொதிநீர் ஒரு சின்னக் கூட்டுக்குள் ஓடும். ஒரு மோட்டார் விசிறியைச் சுற்றி, அந்தக் கூட்டின் சூட்டைக் காற்றாக வண்டிக்குள் அடிக்கும். அவ்வளவுதான் ஹீட்டர்.

கை மாறிக் கை மாறி அந்தக் கார் கீழே இறங்கி வந்தது. அரியலூர்ப் பக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எங்கள் வெந்நீர்ப் பானைகளின் உள்புறம் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். ரேடியேட்டரும் அப்படித்தான் ஆனது. குழாய்கள் பாதி அடைத்துக்கொண்டன. திருச்சியில் இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. அந்த மாடலுக்கு வேறு ரேடியேட்டரும் கிடைக்கவில்லை. பத்து மைல் ஓடினால் வண்டி கொதிக்கும்.

ஒரு நாள் அண்ணன், கொதித்த வண்டியில் தவறுதலாக ஹீட்டர் குழாயைத் திறந்து சுவிட்சைப் போட்டிருக்கிறார். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல இறங்கியதாம். சமவெளியில் யாரும் திறக்காத குழாய் என்பதால் ஹீட்டரின் கூட்டில் அடைப்பில்லை. ரேடியேட்டரால் வெளியேற்ற முடியாத சூட்டை ஹீட்டர் வெளியேற்றியது. வெளியே அல்ல, பயணிகளின் காலடியில்.

அன்றிலிருந்து பங்குனி, சித்திரை, வைகாசி எல்லா மாதமும் ஹீட்டர் ஓடியது. நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும். முன்சீட்டில் ஈரத் துண்டும் ஒரு பனையோலை விசிறியும் இருக்கும். டாக்ஸி ஸ்டாண்டில் அதற்கு அடுப்புக் கார் என்று பெயர்.

"சேகரு, சோறு வெந்துடுச்சாப்பா?" என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள்.

"வெந்துடுச்சி. கொழம்புக்குத்தான் உன் வண்டிய எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார் அண்ணன்.

ஒரு குடம் தண்ணீர்

அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முந்திய தலைமுறை வரை எல்லோரும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். ஒரு வண்டி நம் பேரில் இருப்பதும் ஒரு பெண் பாலிடெக்னிக் போவதும் எங்கள் தெருவுக்குப் புதிது. இரண்டையும் அண்ணன் ஒருவரே இழுத்தார். என் படிப்பு முடியட்டும், முடியட்டும் என்று அவருக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ. எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்று பேர். முதல் செய்முறைத் தேர்வில் மோட்டாரைப் பிரித்து மாட்டிய பிறகு மேஜையில் ஒரு திருகு மிச்சமிருந்தது. வகுப்பே சிரித்தது. அன்று முதல் எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். ஊருக்குப் போகும் பையில் என்னென்ன என்பதற்கும் பட்டியல், அம்மாவின் ரசத்துக்கும் பட்டியல். முடிந்த வரிக்கு ஒரு டிக். அம்மா அதை என் வியாதி என்பார்.

செல்வியை அண்ணன் பார்த்ததும் அந்தக் காரால்தான். திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிப் போயிருந்தார். கொள்ளிடக் கரைத் தெரு ஒன்றில் வண்டி புகைந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டார். ஒரு பெண் குடத்தோடு வந்து நின்று, "காருக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாளாம். "மொத காருக்கு" என்றாராம் இவர். அவள் இன்னொரு குடமும் கொண்டுவந்தாளாம்.

இதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு நான்கு மாதம் ஆனது.

கேட்டுப் போனார்கள். செல்வியின் அப்பா கோவிந்தசாமிக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அதிகம் பேசாதவர். மூத்த மகளைக் கொடுத்த இடத்தில் பையனுக்கு மில்லில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு வேலையே இல்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த முறை எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார் என்று தரகர் சொன்னார். மாப்பிள்ளை வீடு பார்க்க அவரும் அவருடைய அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது.

"வண்டி ஒண்ணு அனுப்பணும்ல?" என்று தரகர் கேட்டார்.

"என் வண்டியவே கொண்டாரேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு வண்டி வைத்துக்கொண்டு போனால், டாக்ஸி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை?

சொன்னது சரி. அந்த வாரம்தான் ஹீட்டர் மோட்டார் முழுதாகச் செத்துப் போயிருந்தது. போன விடுமுறைக்கு ஹாஜா பாய் வந்தபோதே அது கிரீச்சிட ஆரம்பித்து, அண்ணன் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். பாய் பச்சைக் கைலியோடு வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை.

பதினாலு வரி

சனிக்கிழமை காலை வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினோம். நான் நோட்டைத் திறந்து பதினாலு வரி எழுதினேன். முதல் வரி: பேட்டரி ஒயரைக் கழற்றவும்.

"அத நான் பாத்துக்கறேன் பாப்பா" என்று அண்ணன் பானட்டைத் திறந்தார். நான் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தேன்.

"கழட்டிட்டியா அண்ணே?"

"ஆச்சு."

முதல் வரிக்கு டிக் போட்டேன்.

விசிறிப் பெட்டியை மூன்று திருகுகள் பிடித்திருந்தன. இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவது துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்து, முழுப் பலத்தோடு திருப்பியதில் என் கட்டை விரலில் கொப்புளம் வந்தது. பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். தண்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்திருந்தன. உள்ளே எரிந்த வார்னிஷ் வாடை.

புதியதன் தண்டு மெலிதாக இருந்தது. பித்தளைத் தகட்டை வெட்டிச் சுருட்டி இடைவெளிக்குச் செருகி, விசிறிச் சக்கரத்தை இறுக்கினேன். திருகுத் துளைகளும் பொருந்தவில்லை. அண்ணன் கைத்துரப்பணத்தால் புதிதாக மூன்று போட்டார். நடுவில் ஒரு திருகு காணாமல் போய்த் தேடினோம். அது மோட்டாரின் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியலின் ஓரத்தில் எழுதினேன்: திருகு ஒட்டுகிறது, கவனம்.

அது எழுதுவதற்கு அல்ல, யோசிப்பதற்கு. உள்ளே காந்தம் இருக்கிறது என்பதுதான் அந்தத் திருகு சொன்ன சேதி. பழைய மோட்டாரில் காந்தம் கிடையாது, செம்புக் கம்பிச் சுருள்தான். அதை எப்படி இணைத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். காந்த மோட்டார் அப்படி இல்லை. பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். இது எனக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கியிருந்தேன்.

சிவப்பு ஒயரைச் சுவிட்சிலிருந்து வரும் ஒயரோடு சேர்த்தேன். கறுப்பை வண்டியின் உடம்பில் திருகினேன். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், வண்டி உடம்பு மைனஸ். புத்தகத்தில் அப்படித்தான்.

அண்ணன் பேட்டரியை மாட்டினார். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ரீங்கரித்தது. காற்றோடு அத்தர் வாசனை வந்தது. கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். ஆடியது.

"காத்து வருதே!" என்றார் அம்மா.

பதினாலாவது வரிக்கும் டிக்.

சாயங்காலம் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பாப்பா, நாளைக்கு அவரு ஏதாச்சும் கேட்டா ரேடியேட்டர் அடைப்பு அது இதுன்னு சொல்லிடாத."

"கேட்டா என்ன சொல்றது?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

எனக்கு அது பிடிக்கவில்லை. நோட்டை மூடிக் கைப்பையில் வைத்தேன்.

அனல்

ஞாயிறு விடியலில் கிளம்பினோம். அழைக்கப் போகும்போது வீட்டுப் பெண் ஒருத்தி வெற்றிலை பாக்குத் தட்டோடு போக வேண்டும் என்பதால் நானும் போனேன். குளிர்ந்த நேரம், வண்டியில் இரண்டே பேர். முள் நடுவில் நின்றது. அண்ணன் வழியெல்லாம் விசிலடித்தார்.

திரும்பும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. முன்சீட்டில் கோவிந்தசாமி மாமா, வெள்ளை வேட்டி சட்டையில். பின்னால் என் பக்கத்தில் அவருடைய அக்கா அஞ்சலை அத்தை. மூட்டுவலிக்காரர். ஏறும்போதே மூன்று பேரைத் திட்டினார்.

திருமானூர் வருவதற்குள் மாமா இரண்டு முறை காலை நகர்த்தி வைத்தார்.

"என்ன தம்பி, காலுல அனல் வருது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. வெளிநாட்டு வண்டி, அப்படித்தாங்க இருக்கும்."

மாமா தலையை ஆட்டினார். நான் பின்னாலிருந்து முள்ளைப் பார்த்தேன். அது நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. திருமானூர் தாண்டி நாலைந்து மைலில் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட, ஒரு கரும்பு வயலோரம் அண்ணன் வண்டியை ஒதுக்கினார்.

"ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். தகர டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்து பம்புசெட்டுக்கு ஓடினார்.

புளியமர நிழலில் இருந்த மதகுக் கட்டையில் மாமா போய் உட்கார்ந்தார். அத்தை இறங்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வழியில நிக்குது பாரு" என்று காற்றிடம் சொன்னார். "காரு வச்சிருக்காங்க காரு. மூத்தவ மாமியா வூட்டுல மில்லு வேல வச்சிருந்தாப்புல."

மாமா ரோட்டில் சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, "திருமானூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"இப்ப வர்ற நேரந்தாங்க."

அண்ணன் டின்னோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்தது. டின்னிலிருந்து தண்ணீர் சிந்தி வேட்டி நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பஸ் வந்து, மாமா அதில் ஏறித் திருமழபாடிக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாட்களில் அம்மாவைப் பார்க்கும் அதே பார்வை.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பதினாலு டிக். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் கேட்டது. கைக்குட்டையை நீட்டினேன். ஆடியது. ஆடியது, அவ்வளவுதான். பழைய மோட்டார் நன்றாக இருந்த காலத்தில் அந்த இடத்தில் வைத்த துண்டு பின்சீட்டில் போய் விழும்.

ஸ்குரூடிரைவரை எடுத்து அடி மூடியைக் கழற்றினேன். சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கரம் வேகம் குறைந்து நிற்பதைப் பார்த்தேன். அதன் இதழ்கள் கரண்டி போலக் குழிந்தவை. குழிந்த பக்கம் முன்னால் வர வேண்டும். முதுகு முன்னால் வந்துகொண்டிருந்தது. கரண்டியின் முதுகால் சோறு அள்ளுவது போல.

"அண்ணே, பேட்டரியில எந்த முனை பாடில போவுது?"

"பிளஸ்ஸு."

"பிளஸ்ஸா?"

"இந்த வண்டிக்கு அப்படித்தான். அந்தக் காலத்து வண்டி, பாடிதான் பிளஸ்ஸு. ஒனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லலியே!"

"நீ கேக்கலியே பாப்பா!"

வடக்கே பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் சொன்னது

அவர் முன்னால் போய் நின்றபோது என் கையெல்லாம் கிரீஸ். என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு அன்று பட்டியல் போட நேரமில்லை.

"மாமா, மூணு விஷயம் சொல்லணுங்க. சொன்னதுக்கப்புறம் பஸ் ஏறுறதுன்னா ஏறுங்க."

அண்ணன் பின்னாலிருந்து, "பாப்பா" என்றார்.

"ஒண்ணு, இந்த வண்டியோட ரேடியேட்டர் அடைச்சிருக்கு. மாத்து கெடைக்கல. ரெண்டு, உங்க காலுல வந்த அனலு ஹீட்டருங்க. அத ஓட்டித்தான் எஞ்சின் சூட்டக் கொறைக்கிறோம். மூணு, அந்த ஹீட்டர் மோட்டார நேத்து நான்தான் மாத்துனேன். ரெண்டு ஒயர எடம் மாத்திக் குடுத்துட்டேன். எதிர்ப்பக்கமா சுத்துது. சத்தம் வருது, காத்து வரல. தப்பு வண்டியோடது இல்லீங்க, என்னோடது. அண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுறீங்களா பெரியவரே?" என்றார்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதிர்ப்பக்கமா சுத்துதுன்னா? நம்ம கரண்டு மோட்டார் சுத்துமே, லைன் வேல பாத்துட்டுக் கம்பிய மாத்திக் குடுத்துட்டாங்கன்னா, அதாட்டமா?"

"அதேதாங்க."

"மோட்டார் பாட்டுக்குக் கத்தும். தண்ணி நூலாட்டம் வரும்."

"ஆமாங்க மாமா."

"பெருசு, ஏறுறதுன்னா ஏறு, வெயிலு கொளுத்துது" என்றார் கண்டக்டர்.

மாமா கையை ஆட்டினார். போ என்று. பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

ஒயர்களை மாற்ற இரண்டு நிமிஷம்தான் ஆனது. சிவப்பு உடம்புக்கு, கறுப்பு சுவிட்சுக்கு. எஞ்சின் ஆறக் காத்திருந்து தண்ணீர் ஊற்றியதுதான் நேரமெடுத்தது. சுவிட்சைப் போட்டதும் ஹீட்டர் வாயிலிருந்து அடித்த காற்றில் என் கைக்குட்டை பறந்து போய் அத்தையின் மடியில் விழுந்தது. கூடவே வண்டி முழுக்க அத்தர்.

"யாரு வூட்டு நிக்காஹ்டி இது?" என்றார் அத்தை. பிறகு காலை எட்டி நீட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஏன்டா கோயிந்தா, நீ பின்னால போ. நான் முன்னால குந்திக்கறேன். முட்டிக்கு ஒத்தடம் குடுத்தாப்புல இருக்கு."

இப்படித்தான் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழப்பழூர் தாண்டியது. முள் நடுவில் நின்றது. அண்ணன் கண்ணாடி வழியாக எங்களை ஐந்து முறை பார்த்தார்.

"பெரியவளக் குடுத்த எடத்துல ஒரு கோளாறும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார் மாமா திடீரென்று, வெளியே பார்த்தபடி. பிறகு என் மடியிலிருந்த நோட்டைக் காட்டினார். "அதுல என்ன டிக்கு டிக்கா போட்டிருக்க?"

சொன்னேன்.

"அப்ப ஒண்ணு செய்யி. வண்டிக்குப் பட்டியல் போட்டியே, ஒங்க அண்ணனுக்கு ஒண்ணு போட்டுக் குடு. நல்லதெல்லாம் தரகரு சொல்லிட்டாரு. கோளாற மட்டும் எழுது. ஒண்ணும் வுடாத."

"மாமா!" என்றார் அண்ணன் முன்னாலிருந்து.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

ஒன்பது கோளாறுகள்

ஓடும் காரில் எழுதியதால் கையெழுத்து கோணல்.

சொன்ன நேரத்துக்கு அரைமணி கழித்துத்தான் வருவார். நாளைக்கு ஏழு டீ. வெண்டைக்காய் தொடமாட்டார். குறட்டை உண்டு. வண்டி துடைக்கும் துணியிலேயே முகத்தையும் துடைப்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார், இரண்டு நாள் பேசமாட்டார். தெரிந்தவர் யார் கைகாட்டினாலும் அவசரத்திலும் வண்டியை நிறுத்துவார். வயது முப்பத்தொன்று, தாமதத்துக்குக் காரணம் தங்கையின் படிப்பு.

எட்டாவது வரியை எழுதும்போது அரியலூர் வந்துவிட்டது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. ஒன்பதாவதை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எழுதினேன்.

கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் 'ஒண்ணுமில்ல' என்பார்.

தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மாமா அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, உதடு அசைய முழுதும் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எங்கள் வீட்டில் இறங்கி, கை கழுவி, அம்மா போட்ட இலையில் உட்கார்ந்து, வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்க்கவேயில்லை. "அதான் பாத்தாச்சே" என்றார்.

ஆவணியில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதே காரில்தான் வந்தார்கள், ஹீட்டர் ஓட. பெரம்பலூர் எல்லைக்குள் வருவதற்குள் மாலைகள் வாடிவிட்டன. அண்ணி, "தெரிஞ்சுதான ரெண்டு கொடம் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

கார் இப்போது இல்லை. எனக்கும் வேலை கிடைத்து வெளியூர் வந்தாயிற்று. ஆபீஸில் எந்த வேலைக்குப் பட்டியல் போட்டாலும், முதல் வரியை நான் நேரில் போய்ப் பார்த்த பிறகே டிக் போடுகிறேன். உடன் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி பெட்டியை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். அடியில் ஹாஜா பாயின் பச்சைக் கைலி, நைந்து போய், கல்யாணப் புடவையைச் சுற்றியிருந்தது. அதன் மடிப்பில் அந்தத் தாள். மாமா கல்யாணத்துக்கு முன்பே அதை மகளிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்.

அண்ணி வரிக்கு வரி பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தார். ஏழு டீயை அடித்து ஒன்பது என்று திருத்தியிருந்தார். எட்டு வரிக்கு டிக் இருந்தது.

ஒன்பதாவது வரிக்கு டிக் இல்லை. அதற்கு நேராக, சின்ன எழுத்தில், இரண்டே வார்த்தை: கேட்டால் சொல்லிவிடுகிறார்.